‘தெரியும்’ என்று சொன்ன ஒரு வார்த்தை

சென்ற ஆண்டு ஆயுத பூஜை இரவு. என்னுடைய பழைய மைக்ரோமீட்டர், வெர்னியர், ரெண்டு ஸ்பானர், மகளின் மடிக்கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் படைத்து முடித்து உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். டெக்சஸ் மாநிலத்தில், டல்லஸுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருக்கிறான். போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நிரந்தரக் குடியுரிமை அட்டையும் கிடைத்துவிட்டது. கணினி வேலையில் நல்ல சம்பளம். ஆனால் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவன் பெயரும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டது.

“மாமா, சொந்தமா ஒரு கடை போடலாம்னு இருக்கேன்.”

“நல்லதுதானே. என்ன கடை?”

“துப்பாக்கி ரிப்பேர்.”

எனக்குச் சுண்டல் தொண்டையில் நின்றுவிட்டது.

வாசகர்களே, நாம் மலேசியாவில் வளர்ந்தவர்கள். துப்பாக்கி என்ற சொல்லே நமக்குப் பயம். இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருக்கவும் முடியாது, பழுதுபார்க்கும் தொழில் செய்யவும் முடியாது. கொள்ளை போன்ற குற்றங்களின்போது துப்பாக்கியால் சுட்டால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2023 வரைக்கும் கட்டாய மரண தண்டனை. இப்போதும் தண்டனை கடுமைதான். அந்தப் பயத்தோடுதான் அவனிடம் பேசினேன்.

அங்கே நிலைமை வேறு என்று பொறுமையாக விளக்கினான். விவசாயி காட்டுப்பன்றியை விரட்டத் துப்பாக்கி வைத்திருப்பான். மான் வேட்டைக் காலம் வந்தால் ஊரே காட்டுக்குப் போகும். தாத்தாவின் துப்பாக்கி பேரனுக்கு வரும். நம்ம ஊரில் மோட்டார் பட்டறை எப்படியோ, அங்கே துப்பாக்கிப் பட்டறை அப்படி. அந்த ஊரில் பல வருடம் இந்தத் தொழில் செய்த ஒரு பெரியவர் ஓய்வு பெறுகிறார். லேத்து, துளை போடும் மெஷின், கிடுக்கி, கருவிகள் எல்லாவற்றையும் மலிவு விலைக்குத் தருகிறாராம்.

“நீ துப்பாக்கியத் தொட்டிருக்கியாடா?”

“போன வருஷம் ஒண்ணு வாங்கினேன் மாமா. ரெண்டு தடவை சுட்டுப் பழகப் போனேன். மத்ததெல்லாம் வீடியோ பார்த்துக் கத்துக்கலாம். நீங்க முப்பது வருஷம் லேத்து ஓட்டினவங்க. போன்லயே சொல்லிக் குடுங்க. அப்புறம்… உங்க இபிஎஃப் பணத்துல ஒரு நாப்பதாயிரம் ரிங்கிட் கடனாக் குடுத்தீங்கன்னா, மூணு வருஷத்துல திருப்பிக் குடுத்துடுவேன்.”

ஒரு வாரம் டைம் கொடுடா என்று போனை வைத்தேன். அந்த ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தொழிலைப் பற்றி விசாரித்தேன். அமெரிக்காவில் பிறர் துப்பாக்கியைப் பழுதுபார்த்துச் சம்பாதிக்க, மத்திய அரசின் உரிமம் வேண்டும். முதல் மூன்று ஆண்டுக்குக் கட்டணம் 200 டாலர். அதன் பிறகு புதுப்பிக்க 90 டாலர். 21 வயது ஆகியிருக்க வேண்டும். கைரேகை, புகைப்படம் கொடுக்க வேண்டும். குற்றப் பின்னணி இருக்கக் கூடாது. கடைக்கு ஓர் இடம் இருக்க வேண்டும். அதிகாரி வந்து பேசிவிட்டுப் போவார். வாங்கி வைக்கும் துப்பாக்கியைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவன், ஓர் இடத்தில் நின்றேன். திறமைக்குப் பரீட்சை எங்கே? தேடிப் பார்த்தேன். அந்த மத்திய உரிமத்துக்குத் திறமைப் பரீட்சையே இல்லை. ‘நீ யார்’ என்று சட்டம் கேட்கிறது. ‘உனக்கு வேலை தெரியுமா’ என்று கேட்கவில்லை.

அதற்காக அங்கே கற்றுக்கொள்ள வழி இல்லை என்று நினைக்க வேண்டாம். கொலராடோ மாநிலத்தில் டிரினிடாட் என்ற ஊரிலுள்ள கல்லூரி 1947லிருந்து இந்தத் தொழிலைப் பாடமாகவே நடத்தி வருகிறது. போவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். போகாதவனும் பலகை மாட்டலாம்.

பழைய காலத்து இங்கிலாந்து இதை வேறு மாதிரி பார்த்தது. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்கு 1637ல் அரச சாசனம் கிடைத்தது. அரைகுறையாகச் செய்த துப்பாக்கி, சுடுகிறவன் கையிலேயே வெடிக்கும் ஆபத்து இருந்ததால், சோதித்து முத்திரை குத்தும் முறை வந்தது. பர்மிங்ஹாமில் 1813ல் அதற்கென்றே ஒரு சோதனைச் சாலை அமைத்தார்கள். வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை. அந்தச் சின்ன முத்திரைக்கு என்ன அர்த்தம்? ‘வாங்குகிறவன் முகத்தின் முன்னால் வைத்து இதை முதல் தடவையாகச் சோதிக்கவில்லை’ என்று அர்த்தம்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘ஹெட்ஸ்பேஸ்’ என்று ஒன்று இருக்கிறது. தோட்டா போய் உட்காரும் அறையில், அதை முன்னே போகவிடாமல் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும், பின்னாலிருந்து தாங்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. குழலை மாற்றினாலோ, போல்ட்டை மாற்றினாலோ இதை அளந்தே ஆக வேண்டும். மான் வேட்டைக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு ‘போகலாம்’ என்று சொல்லும் அளவுகோல் 1.630 அங்குலம். ‘கூடாது’ என்று சொல்லும் அளவுகோல் 1.634 அங்குலம். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு, அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாள் ஒன்றின் கனம்.

அந்தத் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் காரின் டயரில் இருப்பது முப்பது சொச்சம்தான். இடைவெளி அளவுக்கு மீறினால் பித்தளைக் கூடு நீண்டு கிழியலாம். கிழிந்தால் கொதிக்கும் வாயு பின்னால் திரும்பும். பின்னால் இருப்பது சுடுகிறவனின் கண்.

கண் என்று எழுதும்போதே என் கை நிற்கிறது.

1988. எனக்கு 21 வயது. பிறை வட்டாரத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். தவுக்கே ஒரு நாள் காலையில் கேட்டார், “கிரைண்டர் கல்லு மாத்தத் தெரியுமா?” இரண்டு தடவை மற்றவர் மாற்றும்போது பார்த்திருக்கிறேன். நானே மாற்றியதில்லை. தெரியாது என்று சொன்னால் சம்பள உயர்வு போய்விடுமோ என்ற பயம். “தெரியும் பாஸ்” என்றேன்.

புதுக் கல்லை எடுத்தேன், மாட்டினேன், நட்டை முடுக்கினேன். சாணைக்கல்லை மாட்டும் முன்னால் ஒரு மரப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நம் அம்மாமார் சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவார்களே, அதே மாதிரிதான். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல். ஐந்து விநாடி வேலை. எனக்கு அது தெரியாது. மாட்டிய பிறகு எல்லாரையும் ஒதுங்கச் சொல்லி, ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட வேண்டும். அதுவும் எனக்குத் தெரியாது.

சுவிட்சைப் போட்டேன். எங்கள் பட்டறையில் மூத்தவரான ஒரு அண்ணன், எனக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுப்பவர், உளியைத் தீட்ட நேராக வந்து நின்றார். கல் வெடித்தது. ஒரு துண்டு அவருடைய இடது கண்ணில் அடித்தது. பார்வை போய்விட்டது.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். “கல்லு நல்லாத்தான் இருந்துச்சு. கம்பெனிக்காரன் கொடுத்த கல்லுல கோளாறு” என்றேன். எல்லாரும் நம்பினார்கள். அந்த அண்ணனும் நம்பினார். பிறகு நான் தொழிலை முறையாகக் கற்றேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே கல்லைத் தட்டிக் காட்டினேன். ஆனால் அன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட.

இப்போது புரிகிறதா, அக்கா மகன் கேட்ட கேள்வி ஏன் என்னைத் தூங்கவிடவில்லை என்று?

அடுத்த வாரம் கூப்பிட்டான். நான் தயங்குவதைப் பார்த்து, ஒரு நல்ல வாதத்தை வைத்தான். “மாமா, எல்லாருமே ஒரு நாள் அனுபவம் இல்லாமத்தானே ஆரம்பிக்கிறாங்க? டாக்டருக்கும் முதல் ஆபரேஷன்னு ஒண்ணு இருக்குல்ல? அனுபவம் வந்த பிறகுதான் ஆரம்பிக்கணும்னா, அனுபவம் எங்கேருந்து வரும்?”

அவன் சொல்வது உண்மை. அனுபவம் இல்லாதவன் தொழில் தொடங்கவே கூடாது என்றால் உலகத்தில் எந்தத் தொழிலும் நடக்காது. நம் இளைஞர்களை ‘உனக்கு என்ன தெரியும்’ என்று மட்டம் தட்டியே உட்கார வைத்த பெரியவர்கள் ஏராளம். நான் அந்தக் கூட்டத்தில் சேர விரும்பவில்லை.

ஆகவே ‘அனுபவம் இல்லாமல் தொடங்கலாமா’ என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. கற்றுக்கொள்ளும்போது தவறு வரும், அது நிச்சயம். அந்தத் தவறின் விலையை யார் கொடுப்பது? இதைத்தான் கேட்க வேண்டும்.

தையல் கற்கிறவன் துணியைக் கெடுத்தால் துணிதான் போகும், புதுசு வாங்கிக் கொடுக்கலாம். சமையல் கற்கிறவள் குழம்பைக் கரித்தால் அன்றைக்கு ஊறுகாயோடு சாப்பிடலாம். திருப்பிக் கொடுக்க முடிந்த நஷ்டம் அது. டாக்டரின் முதல் ஆபரேஷனிலும் பக்கத்தில் மூத்த டாக்டர் நிற்கிறார், கை தவறினால் பிடித்துக்கொள்ள. ஆனால் போன கண்ணை நான் எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பேன்?

அதனால் எனக்கு ஒரு முடிவு தெளிவாயிற்று. கற்றுக்கொள்கிறவன் தன் தவறின் விலையைத் தானே கொடுக்க வேண்டும், அல்லது அதைத் தெரிந்து சம்மதித்தவர் மட்டுமே கொடுக்க வேண்டும். தான் இன்னொருவரின் பாடப் புத்தகமாக இருக்கிறோம் என்பதே தெரியாத ஒரு மனிதர் அதைக் கொடுக்கக் கூடாது. அனுபவமின்மை பாவம் கிடையாது. அதை மறைத்துப் பணம் வாங்குவதுதான் பாவம்.

இதையெல்லாம் யோசிக்கும்போது மகாபாரதத்து அசுவத்தாமன் நினைவுக்கு வந்தான். போர் முடிந்த பிறகு அவனும் அர்ஜுனனும் எதிரெதிராகப் பெரும் அஸ்திரங்களை விடுகிறார்கள். உலகம் அழியும் என்று ரிஷிகள் வந்து தடுக்கிறார்கள். அர்ஜுனன் தன் அஸ்திரத்தைத் திரும்பப் பெறுகிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. விடத் தெரிந்தவனுக்கு மீட்கத் தெரியவில்லை. கடைசியில் அது யாரைத் தாக்கியது? அவனோடு சண்டை போட்டவர்களை இல்லை, உத்தரையின் வயிற்றில் இருந்த குழந்தையை. அரைகுறை அறிவின் விலையை எப்போதும் சம்பந்தமே இல்லாத ஒருவர்தான் கொடுக்கிறார். எங்கள் பட்டறையிலும் அப்படித்தான் ஆயிற்று. கல்லை மாட்டியவன் நான், நின்றவர் அவர்.

இன்னொரு கேள்வியையும் சிலர் கேட்பார்கள். ‘வேலை நன்றாகத் தெரிந்தவன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் சரிசெய்து கொடுத்த துப்பாக்கி நாளைக்கு ஒரு மனிதனைக் கொன்றால் அந்தப் பாவம் யாருக்கு?’

தோட்டத்தில் பாராங் கத்தி தீட்டிக் கொடுத்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கத்தியால் புல் வெட்டினார்கள், தேங்காய் வெட்டினார்கள், என்றோ ஒருவன் குடித்துவிட்டு மனிதனையும் வெட்டினான். தீட்டியவர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று சொன்னால் நியாயம் இல்லை. ஆனால் வெறியோடு, ‘இன்னைக்கு அவனை விடமாட்டேன்’ என்று கத்திக்கொண்டே வந்தவனுக்கும் சிரித்துக்கொண்டே தீட்டிக் கொடுத்திருந்தால்? அப்போது அவருக்கும் பங்கு உண்டு. கண்ணால் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததற்கான பங்கு.

அமெரிக்காவில் கடைக்காரர் துப்பாக்கி விற்கும்போது வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். 1998லிருந்து அதற்கு ஒரு தேசிய முறையே இருக்கிறது. ஆனால் பழுதுபார்த்த துப்பாக்கியைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்க அந்தப் படிவம் தேவையில்லை. அங்கே சட்டம் கேள்வி கேட்காமல் ஒதுங்கி நிற்கிறது. அந்த இடத்தில் பட்டறைக்காரனின் மனசாட்சிதான் கேட்க வேண்டும். ‘இந்த வேலை வேண்டாம் ஐயா’ என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரை அனுப்ப அவனுக்குத் துணிவு வேண்டும். தேவைப்பட்டால் போலீசைக் கூப்பிடவும் துணிவு வேண்டும். கடன் வாங்கிக் கடை போட்டு, மாத வாடகை கழுத்தை நெரிக்கும்போது அந்தத் துணிவு வருமா? அதைத்தான் நான் அவனிடம் கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. நான் பிறையில் நடந்ததைச் சொன்னேன். முதல் தடவையாக, ஒன்று விடாமல். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமே இல்லை.

பிறகு மெதுவாகக் கேட்டான், “அந்த அண்ணன் இப்ப இருக்காரா, மாமா?”

இருக்கிறார். புக்கிட் மெர்தாஜாம் பக்கம், மகள் வீட்டில். வருடா வருடம் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஏன் கொண்டுபோகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

இந்தத் தடவை தீபாவளிக்குப் போனபோது சொன்னேன். முறுக்கு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி அழுதுகொண்டு. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு கேட்டார்: “தெரியாதுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே தட்டிக் காட்டியிருப்பேனே, தம்பி?”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். டப்பாவை வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமும் போவேன்.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் என் கட்டுரை முழுவதும் அடங்கிவிட்டது. தெரியாது என்று சொன்னால் நம் மதிப்புக் குறையும் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சுற்றி இருப்பவர்கள் உதவிக்கு வருகிறார்கள். குறைந்தபட்சம், ஒதுங்கி நின்று தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். ‘தெரியும்’ என்ற பொய், அந்த வாய்ப்பை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது. நான் அந்த அண்ணனிடமிருந்து முதலில் பறித்தது அதைத்தான். கண் அதற்குப் பிறகுதான் போனது.

அக்கா மகனுக்கு என்ன சொன்னேன்? ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. அவன் மனைவியோடு உட்கார்ந்து யோசித்து அவன்தான் முடிவெடுக்க வேண்டும். பணம் தருகிறேன், ஆனால் இரண்டு நிபந்தனை என்றேன். ஒன்று, முதல் பணம் படிப்புக்குத்தான், கடைக்கு இல்லை. முறையான பாடத்துக்குப் போ. முடியாவிட்டால் அந்தப் பெரியவரின் காலடியில் இரண்டு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொள். மெஷினை வாங்குவதற்கு முன்னால் அவருடைய கையை வாங்கு. இரண்டு, பிறகு கடை போட்டாலும், தெரிந்த வேலையை மட்டும் பலகையில் எழுது. துடைத்து எண்ணெய் போடுவது, தொலைநோக்கி பொருத்துவது, மரக்கட்டையை மெருகேற்றுவது என்று தொடங்கு. குழல், போல்ட், டிரிகர் என்று யாராவது வந்தால், ‘இது எனக்கு இன்னும் தெரியாது ஐயா, தெரிந்தவரிடம் அனுப்புகிறேன்’ என்று சொல்.

“அப்படிச் சொன்னா கடைக்கு யார் மாமா வருவாங்க?” என்றான்.

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவன், தெரியும்னு சொன்னா நம்பி வருவாங்கடா” என்றேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அந்தப் பெரியவரின் பட்டறையில் தரை கூட்டி, கருவிகளைத் துடைத்து, பக்கத்தில் நின்று பார்க்கிறானாம். மற்ற நாட்களில் வேறு ஒரு வேலை. போன மாதம்தான் முதல் முறையாக அளவுகோலைக் கையில் கொடுத்தாராம். மற்றவர்களுக்கு அது சின்ன விஷயம். எனக்குப் பெரிய நிம்மதி.

தம்பிகளே, தங்கைகளே, உங்களில் யாரும் துப்பாக்கிக் கடை போடப் போவதில்லை. ஆனால் வீட்டு வயரிங் செய்யப் போவீர்கள். ஏர்கோன் சர்வீஸ் செய்யப் போவீர்கள். லோரிக்குப் பிரேக் மாற்றப் போவீர்கள். கேஸ் அடுப்பு பொருத்தப் போவீர்கள். இரண்டு வீடியோ பார்த்துவிட்டு ‘செய்யலாம் அண்ணே’ என்று சொல்ல நாக்குத் துடிக்கும். கையில் காசு இல்லாத நாளில் இன்னும் அதிகமாகத் துடிக்கும். எனக்கும் துடித்தது.

தொடங்குங்கள். பயந்து உட்கார வேண்டாம். ஆனால் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், கல்லையும் உங்களையும்.